அறுபது ஆண்டு தாமதித்த கடிதம்: ஈரானியப் புதினங்களில் இழந்த காதலும் புலம்பெயர்வும்

நவீனப் பாரசீகப் புனைகதையின் தலைவாயில் என்று திறனாய்வாளர் பலரும் போற்றும் 'குருட்டு ஆந்தை' முதன்முதலில் வெளிப்பட்ட நகரம் தெஹ்ரான் அன்று, அன்றைய பம்பாய். 1936இல் அங்கு வந்து தங்கிய சாதிக் ஹெதாயத், பார்சி அறிஞர் பஹ்ராம்கோர் அங்கிலேசரியாவிடம் பழைய பஹ்லவி மொழியைப் பயின்றவாறே, தம் கையெழுத்துப் படியைச் சுமார் ஐம்பது படிகள் மட்டும் எடுத்து நண்பர்களுக்கு வழங்கினார். ஈரானில் விற்பனைக்கு அன்று என்னும் குறிப்பையும் அதில் சேர்த்திருந்தார். ரெசா ஷாவின் ஆட்சி 1941இல் முடிவுற்ற பின்னரே அந்நூல் தாய்நாட்டில் அச்சேறியது. ஈரானியர் நடத்திய ஓட்டல்களில் பன் மஸ்காவும் தேநீரும் சுவைத்து வளர்ந்த மும்பைத் தமிழர் நம்மிடையே பலர் உளர். அந்த ஓட்டல்காரர்களின் நாட்டு இலக்கியம் தன் முதற்பெரும் நூலை அந்நகரில்தான் கண் திறந்து பார்த்தது என்பதை அவர்களுள் எத்தனை பேர் அறிவரோ!

இக்கட்டுரை ஹெதாயத்தைப் பற்றியதன்று. நாட்டு வரலாற்றின் ஒரு குறிப்பிட்ட ஆண்டில் நிலைகொண்டு, அந்த ஆண்டில் முறிந்த ஒரு காதலை நெடுங்காலம் கழித்து நினைவுகூரும் ஈரானியப் புதினங்களைப் பற்றியது. அத்தகைய நூல்கள் பல. அவற்றுள் மூன்றை மட்டும் விரிவாக நோக்குவோம்: போசொர்க் அலவியின் 'அவள் கண்கள்' (1952), இராஜ் பெசெஷ்க்சாத்தின் 'மாமா நெப்போலியன்' (1973), மர்ஜான் கமாலியின் 'எழுதுபொருட் கடை' (2019). முதலிரண்டும் பாரசீகத்தில், தாய்நாட்டில் எழுதப்பெற்றவை. மூன்றாவது ஆங்கிலத்தில், அமெரிக்காவில் எழுதப்பெற்றது. மூன்றிலும் காதல் கைநழுவுகிறது. ஆயின் அது ஏன் கைநழுவியது என்னும் உண்மை யாரிடம், எப்பொழுது போய்ச் சேருகிறது என்பதில்தான் இவை மூன்றும் வேறுபடுகின்றன. தாய்நாட்டில் எழுதியவர்கள் அவ்வுண்மையை உரியவரிடம் சேர்ப்பிக்கவில்லை. புலம்பெயர்ந்த எழுத்தாளர் எப்பாடுபட்டேனும் சேர்த்துவிடுகிறார். இவ்வேறுபாடு தற்செயலானதாக எனக்குத் தோன்றவில்லை.

மேலே செல்லுமுன் ஒரு சொல். பாரசீகத்தில் அயல்நாட்டு வாழ்வைக் 'குர்பத்' என்பர்; அங்கு வாழ்பவன் 'கரீப்'. அரபியிலிருந்து வந்த இச்சொல்லுக்கு அயலான், ஊர் நீங்கியவன் என்பதே பொருள். இதே சொல் உருதுவிலும் இந்தியிலும் வந்து சேர்ந்தபோது ஏழை என்று பொருள் மாறிவிட்டது. வட நகரங்களில் வாழும் நாம் நாள்தோறும் செவியுறும் 'கரீப்' இதுதான். நம் 'பரதேசி' மட்டும் என்ன? வேற்று நாட்டான் என்னும் பொருளில் புறப்பட்ட சொல், இரந்துண்பவன் என்று வந்து நிற்கிறது. ஊரை விட்டவனுக்கு இருமொழிகளும் ஒரே தீர்ப்பை வழங்கியுள்ளன. நாம் காணவிருக்கும் புதினங்களின் அடியில் ஓடும் உணர்வும் இந்த வறுமையே. இவற்றின் மாந்தரிடம் பணத்துக்குக் குறைவில்லை. அவர்களை ஏழையாக்குவது செய்தி இல்லாமை. பிரிந்துவந்த இடத்தில் தனக்குப் பின் என்ன நடந்தது என்று அறிய முடியாத வறுமை அது.

அலவியின் 'அவள் கண்கள்' ஒரு துப்பறியும் கதையைப் போலத் தொடங்குகிறது. ரெசா ஷாவின் ஆட்சியை எதிர்த்த ஓவிய மேதை மாக்கான் நாடுகடத்தப்பட்டுத் தொலைவூரொன்றில் இறந்துவிட்டார். அவர் விட்டுச் சென்ற ஓவியங்களுள் ஒரு பெண்ணின் முகமும், 'அவள் கண்கள்' என்று அவரே இட்ட பெயரும் காண்போரை மயக்குகின்றன. அக்கண்களில் இருப்பது அன்பா, வஞ்சமா, ஏளனமா? ஓவியப் பள்ளியின் கண்காணிப்பாளர் ஒருவர் இப்புதிரை விடுவிப்பதையே வாழ்வின் நோக்கமாகக் கொண்டு, அப்பெண் ஒருநாள் ஓவியத்தைக் காண வருவாள் என்று ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார். வருகிறாள். ஓரிரவு முழுவதும் தன் கதையைச் சொல்கிறாள்.

அக்கதையின் சாரம் இது. செல்வக் குடும்பத்தில் பிறந்து, பாரிஸில் ஓவியம் பயின்று, தன் அழகையே தன் சிறையாகக் கண்ட அப்பெண் மாக்கானின் மீது காதல் கொள்கிறாள். அவரது தலைமறைவுப் பணிக்கும் உதவுகிறாள். அவர் கைதானதும், அவர் உயிரைக் காக்க வேண்டித் தன்னை விரும்பிய காவல்துறைத் தலைவனை மணக்க உடன்படுகிறாள். அந்தத் தியாகம் அவருக்குத் தெரியாது. காட்டிக் கொடுத்து ஒதுங்கிய பணக்காரப் பெண் என்றே எண்ணியவராய், நாடுகடத்தப்பட்ட இடத்தில் இருந்து அவள் கண்களைத் தீட்டிவிட்டு அவர் மறைந்துபோகிறார். அந்தக் கண்கள் தன்னுடையவை அல்ல என்று அவள் மறுக்குமிடத்தில் நூல் முடிகிறது.

இங்கு அலவி செய்திருப்பது எளிதிற் புலப்படாத ஒரு துணிவு. மாக்கானை அவர் எவ்வளவோ உயர்த்துகிறார்; கொடுங்கோன்மைக்கு வளையாத வீரர், கலையைச் செல்வர் மாளிகையிலிருந்து மீட்டவர். எனினும் தம்மை நேசித்த ஒரே பெண்ணை அந்த வீரர் சரியாகப் படிக்கவில்லை. நாட்டின் துயரையெல்லாம் கண்ட கண்கள் எதிரே இருந்த ஒருத்தியின் கண்களைக் காணவில்லை. அலவியே இடதுசாரி இயக்கத்தில் நின்றவர். 'ஐம்பத்து மூவர்' என்று பெயர்பெற்ற குழுவில் ஒருவராக 1937இல் சிறைப்பட்டு 1941இல் விடுதலையானவர். அத்தகையவர் தம் கதைத்தலைவனின் பார்வைக் குறையை நூலின் தலைப்பாகவே நிறுத்தியது சிறு செயல் அன்று.

பெண்ணின் வாய்மொழி சிற்சில இடங்களில் மிக நீண்டு, தன்னிரக்கமாகத் தேய்கிறது என்ற குறையையும் சொல்லத்தான் வேண்டும். ஓரிரவில் ஒருவர் அவ்வளவு பேச இயலுமா என்று வாசகர் கடிகாரத்தைப் பார்க்கும் பக்கங்கள் உண்டு. ஆயினும், இறந்தவரிடம் சொல்லவேண்டியதை முன்பின் அறியாத ஒரு பள்ளிக் கண்காணிப்பாளரிடம் சொல்லித் தீர்க்கும் அந்த அவலம் நெஞ்சைவிட்டு அகல்வதில்லை. நூல் வெளிவந்த அடுத்த ஆண்டே அலவியின் வாழ்வும் மாக்கானின் வழியிற் சென்றது. 1953இல் அவர் ஐரோப்பாவில் இருந்தபொழுது தெஹ்ரானில் ஆட்சி கவிழ்க்கப்பட்டது. திரும்ப இயலாமற் கிழக்குப் பெர்லினில் தங்கி, ஹும்போல்ட் பல்கலைக்கழகத்தில் பாரசீகம் கற்பித்து, 1979க்குப் பின் தாயகத்தைச் சிறிது காலம் கண்டு மீண்டு, 1997இல் பெர்லினிலேயே மறைந்தார். அயல்நாட்டில் மறையும் கலைஞனை அவர் கற்பனை செய்தது தமக்கு அந்நிலை வருமுன்.

'மாமா நெப்போலியன்' முற்றிலும் வேறு உலகம். வயிறு குலுங்கச் சிரிக்க வைக்கும் நூலை இழந்த காதலின் வரிசையில் வைப்பதா என்று சிலர் வியக்கலாம். ஆனால் அதன் முதல் வரியே காதலைத்தான் அறிவிக்கிறது. தான் காதல்வயப்பட்டது மொர்தாத் மாதம் பதின்மூன்றாம் நாள், பிற்பகல் மூன்று மணிக்குக் கால்மணி இருக்கையில் என்று கதைசொல்லி கணக்காகக் குறித்து வைத்திருக்கிறான். அவன் காதலிப்பது லைலியை. அவள் தாய்மாமன் மகள்.

இவ்விடத்தில் தமிழ் வாசகருக்கு ஒரு தனி வசதி உண்டு. பாரசீகத்தில் தாயின் உடன்பிறந்தானைத் 'தாயீ' என்பர். நூலின் மூலப் பெயரே 'தாயீ ஜான் நாப்போலெயோன்'. தந்தையின் உடன்பிறந்தானுக்கு வேறு சொல் உண்டு. ஆங்கிலத்தில் இவ்விருவருக்கும் ஒரே பெயர்தான் ஆதலால், டிக் டேவிஸ் 1996இல் வெளியிட்ட நல்ல மொழிபெயர்ப்பிலும் இவ்வுறவின் நிறம் தலைப்பில் மங்கிவிடுகிறது. தாய்மாமன் என்றவுடன் நமக்கு விளங்கும் அந்த அதிகாரமும் உரிமையும் அச்சமும் ஆங்கில வாசகருக்கு விளக்கிச் சொன்னால்தான் விளங்கும்.

அந்த மாமாவோ, தம்மை நெப்போலியனாகவே எண்ணிக்கொண்டவர். ஆங்கிலேயருக்கு எதிராகத் தாம் நடத்தியதாகக் கூறும் போர்கள் ஆண்டுதோறும் வளர்ந்துகொண்டே போகின்றன. 1941இல் நேசப் படைகள் மெய்யாகவே ஈரானுக்குள் நுழைந்ததும், ஆங்கிலேயர் தம்மைப் பழிவாங்கவே வந்திருக்கின்றனர் என்று நடுங்குகிறார். அண்டையில் குடியிருக்கும் இந்தியரான சர்தார் மஹாரத் கானும் அவர் கண்ணுக்கு ஆங்கிலேய உளவாளி. அக்காலத்து ஈரானியருக்கு இந்தியர் என்றாலே பிரிட்டிஷ் படையின் நிழல் என்பதை நாம் ஒரு புன்னகையுடனும் சிறு கூச்சத்துடனும் படித்து அறிந்துகொள்ளலாம். முடிவில் லைலி வேறொருவனுக்கு மனைவியாகிறாள். மாமாவின் பித்தத்துக்கு அவளே பலி.

வரலாற்றால் காதல் அழிந்தது என்பதைவிட, வரலாற்றைப் பற்றிய ஒரு முதியவரின் மயக்கத்தால் அழிந்தது என்பதே பெசெஷ்க்சாத்தின் கூர்மை. எல்லாத் தீமைக்கும் வெளிநாட்டான் கையே காரணம் என்னும் மனப்பாங்கை அவர் நகைக்கிறார். 1976இல் தொலைக்காட்சித் தொடராகவும் வந்து, மாமாவின் பெயர் ஈரானில் அம்மனப்பாங்குக்கே மறுபெயராகிவிட்டது. ஆசிரியர் 1979 புரட்சிக்குப் பின் நாடு நீங்கிப் பாரிஸில் வாழ்ந்து, 2022இல் லாஸ் ஏஞ்சல்ஸில் காலமானார். ஆக, தாயகத்தில் இருந்து எழுதிய இவ்விருவரும் தம் மண்ணில் அடங்கவில்லை.

சிமின் தானேஷ்வரின் 'சவுஷூன்' (1969) இவ்விருவர் நூல்களோடும் ஒப்பிடற்குரியது. உலகப் போர்க்காலத்து ஷிராஸ் நகரில் கணவனைப் பறிகொடுக்கும் சரி என்பவளின் கதை. ஊர்வலம் கலைக்கப்பட்டு, இரவிலே உடல் அடக்கம் செய்யப்படும் அதன் இறுதிப் பகுதி பாரசீக உரைநடையின் சிகரங்களுள் ஒன்று. ஆனால் சரி எங்கும் போவதில்லை. அவள் இழப்புக்கு ஊரே சாட்சி. புலம்பெயர்வு நம் பொருளாதலின் இதனை இவ்வளவில் நிறுத்துவோம்.

இனிக் கமாலி. ஈரானியப் பெற்றோருக்குத் துருக்கியில் பிறந்து, பல நாடுகளில் வளர்ந்து, அமெரிக்காவில் வாழும் இவர் எழுதிய இரண்டாம் புதினம் 'எழுதுபொருட் கடை'. 1953, தெஹ்ரான். மையும் தாளும் கவிதை நூல்களும் விற்கும் ஃபக்ரி என்பவரின் கடையில் பதினேழு வயது ரோயாவும், பிரதமர் மொசாதெக்கின் ஆதரவாளனாகிய பஹ்மனும் சந்திக்கின்றனர். திருமணம் உறுதியாகிறது. திடீரென்று பஹ்மன் காணாமற் போகிறான். கடையில் உள்ள நூல்களுக்கிடையே மறைத்துவைக்கும் கடிதங்களே இருவருக்கும் தொடர்பு. ஒரு சதுக்கத்தில் சந்தித்து மணம் புரிவதென்று கடிதத்தில் முடிவாகிறது. அந்நாள் மொர்தாத் 28. அதாவது 1953 ஆகஸ்ட் 19. அவள் காத்திருக்கிறாள்; அவன் வரவில்லை. அன்றுதான் மொசாதெக்கின் ஆட்சி கவிழ்கிறது. அவள் கண்முன்னே ஃபக்ரி துப்பாக்கிக் குண்டுக்கு இரையாகிறார், கடையும் தீக்கிரையாகிறது.

ரோயா தங்கையுடன் கலிபோர்னியாவுக்குப் படிக்கச் சென்று, வால்டர் என்னும் அமெரிக்கரை மணந்து, நியூ இங்கிலாந்துப் பகுதியில் குடியேறி முதுமை எய்துகிறாள். அறுபது ஆண்டுகளுக்குப் பின், முதியோர் இல்லத்தில் இருக்கும் பஹ்மனைக் கண்டபின்தான் உண்மை வெளிப்படுகிறது. அவனும் அன்று காத்திருந்தான். ஆனால் வேறொரு சதுக்கத்தில். இடைநின்ற ஒரு கை கடிதங்களை மாற்றிவிட்டது. அந்தக் கை ஃபக்ரியுடையது. அதை அசைத்தவள் பஹ்மனின் தாய் பத்ரி.

மாறிய கடிதம் என்பது பழைய நாடகக்காரர்களின் உத்தி என்று ஒதுக்கிவிடத் தோன்றும். அங்ஙனம் ஒதுக்குவது அவசரம் என்பது என் கருத்து. 1951இல் எண்ணெய் வளத்தை நாட்டுடைமையாக்கிய மொசாதெக்கை வீழ்த்தியது தெஹ்ரான் தெருக்களில் தானாகப் பொங்கிய மக்கள் சினம் என்றே வெகுகாலம் உலகுக்குச் சொல்லப்பட்டது. அமெரிக்க, பிரிட்டிஷ் உளவுத்துறைகள் பணம் கொடுத்துக் கூட்டம் திரட்டிய கதை பையப் பைய வெளிவந்தது. அமெரிக்க உளவுத்துறை தன் பங்கை ஒப்புக்கொள்ளும் ஆவணம் வெளியானது 2013 ஆகஸ்டில். நிகழ்ச்சிக்குச் சரியாக அறுபது ஆண்டுகள் கழித்து. ரோயாவும் பஹ்மனும் மீண்டும் சந்திப்பதாகக் கமாலி அமைத்திருப்பதும் அதே 2013. நாட்டுக்கு வந்த பொய்க்கடிதமும் காதலர்க்கு வந்த பொய்க்கடிதமும் ஒரே நாளில் பிறந்து ஒரே ஆண்டில் வெளிப்படுகின்றன. ஆசிரியர் இதை உரக்கச் சொல்வதில்லை. சொல்லாததே நன்று.

ஆனால் இவ்வமைப்பிலேயே ஒரு வழுக்கலும் உண்டு. நாட்டின் பொய்க்கடிதத்தை எழுதியவர்கள் வாஷிங்டனிலும் இலண்டனிலும் இருந்தனர். காதலரின் பொய்க்கடிதத்துக்கு மூலமானவளோ மனநலம் குன்றிய ஓர் ஈரானியத் தாய். ரோயாவுக்குப் புகலிடமாவதும் அமெரிக்கா. அவளைப் பொறுமையே உருவான கணவனாக ஏற்பவனும் அமெரிக்கன். 1953இன் கணக்கு இப்படித் தீர்க்கப்பட்டால், அமெரிக்க வாசகர் மிக வசதியாகக் கண்ணீர் சிந்தலாம். பிறந்த நாட்டைப் பற்றிப் புகுந்த நாட்டின் மொழியில் எழுதுவோர் அனைவரையும் வழிமறிக்கும் இடர் இது. கமாலி இதனை முற்றிலும் கடந்துவிட்டார் என்று கூறுவதற்கில்லை.

அவரைக் காப்பது பத்ரியின் முற்கதை. அவள் தர்ப்பூசணி விற்பவரின் மகள். நல்ல குடும்பத்து இளைஞனாகிய ஃபக்ரி அவளைக் காதலித்துக் கைவிட்டான். குலமும் குடும்பமும் குறுக்கே நின்றன. அந்த முறிவுக்கு எந்த வெளிநாட்டு உளவாளியும் காரணமில்லை; 1953உம் காரணமில்லை. அன்று முறிந்த மனம் நெடுங்காலம் கழித்து அடுத்த தலைமுறையின் காதலை முறிக்கிறது. ஃபக்ரி கடிதத்தை மாற்றியது தம் பழைய குற்றத்துக்கு வட்டி செலுத்தியதாகும். புதினத்தின் மெய்யான இழந்த காதல் இதுதான் என்பேன். ரோயாவுக்கு அமெரிக்காவும் வால்டரும் கிடைத்தனர். பத்ரி போவதற்கு எந்த நாடும் இல்லை. அவள் கடைத்தெருவிலிருந்து மேலேறி வந்த வீட்டுக்குள்ளேயே அயலாளாய்ச் சிதைந்தாள். கப்பல் ஏறாமலே அவள் கரீப். இத்துணை வலிமை வாய்ந்த பாத்திரத்துக்கு ஆசிரியர் ஒதுக்கிய பக்கங்கள் சிலவே. ரோயாவின் அழகிய சோகத்தில் காட்டிய பொறுமையில் பாதியைப் பத்ரிக்குக் காட்டியிருந்தால் இந்நூல் வேறோர் உயரத்தை எட்டியிருக்கும்.

அமெரிக்கப் பகுதியில் சிறந்து விளங்குவன சிறு நிகழ்ச்சிகளே. வேற்றுநாட்டு அடுப்பில், கிடைத்த பொருளைக் கொண்டு தாய்வீட்டுக் குழம்பின் மணத்தை எழுப்ப ரோயா முயலுமிடம் ஒன்று. அவளும் வால்டரும் முதல் குழந்தையைச் சின்னஞ்சிறு வயதிலேயே பறிகொடுக்குமிடம் மற்றொன்று. பின்னதில் கமாலியின் நடை திடுமெனச் சுருங்கி இறுகுகிறது. பஹ்மனை இழந்த துயரில் இருந்த கவிதை அணிகள் இங்கு இல்லை. இளமைக் காதலின் இழப்பை ரோயா நினைவில் அழகுபடுத்தியே வைத்திருந்தாள். மகளின் இழப்பு அங்ஙனம் அழகுபடுத்த இடம் தரவில்லை. அந்தத் துக்கம் நிகழ்ந்த நாடு அமெரிக்கா ஆதலால், அதன்பின் அமெரிக்கா அவளுக்கு வெறும் அயல்நாடாக இருக்கவும் முடியவில்லை.

நம் அகப்பாடல்களில் பொருள்வயிற் பிரியும் தலைவன் கார்காலத்துக்குள் மீள்வதாகச் சொல்லிச் செல்வான். மழை வந்தும் அவன் வாராவிடில், இது கார் அன்று என்று தோழி ஆற்றுவிப்பாள். ஈரானியப் புலம்பெயர் புதினங்களில் அந்தப் பருவக்குறிப்பு கிழிந்துபோகிறது. மீண்டு செல்லவேண்டிய நாடே 1953இல் ஒருமுறை, 1979இல் மறுமுறை என்று மாறிவிட்டது. ஆகவே காதலரை மீண்டும் சேர்த்துவைக்க விரும்பும் ஆசிரியர் இருவரையும் தெஹ்ரானுக்கு அனுப்ப இயலாமல், தெஹ்ரானின் ஒரு துண்டை அமெரிக்காவுக்குக் கொணர்கிறார். அதுவே அந்தக் கடை. பாஸ்டன் பக்கத்து ஊரொன்றில், ஏதோ சிறு பொருள் வாங்கச் சென்ற ரோயா, ஃபக்ரியின் கடையை அப்படியே வார்த்தெடுத்தாற்போன்ற ஒரு கடைக்குள் நுழைகிறாள். அதை நடத்துபவன் பஹ்மனின் மகன்.

நம்பத்தக்கதா? நிகழ்தகவை நோக்கின் இல்லை என்றே சொல்ல வேண்டும். ஆயின் ஊரை விட்டு வந்தவர்கள் கட்டியெழுப்பும் கடைகளையும் கூடங்களையும் பார்த்திருப்போர், அத்தகைய கடை ஒன்று இருத்தல் கூடும் என்பதையாவது மறுக்கமாட்டார். நான் அங்கு வேண்டி நின்றது வேறொன்று. அந்த மகனுக்கு இக்கடை எத்தகையது? தந்தையின் நினைவுக்கு வாடகை செலுத்தி, தான் காணாத ஊரின் தாளையும் மையையும் விற்கும் அவன் அதை விரும்பிச் செய்கிறானா, கடமையாகச் சுமக்கிறானா? அவ்வாறே ரோயாவின் மகனுக்குத் தாயின் தெஹ்ரான் எவ்வளவு தெரியும்? கமாலி முதியோரின் சந்திப்பில் ஆழ்ந்துவிட்டு இவ்விளையோரைக் கதையின் விளிம்பில் விட்டுவிடுகிறார். அக்கடையில் பாரசீகம் பேசப்படுகிறதா என்று அறியவே நான் அப்பக்கங்களை இருமுறை புரட்டினேன். பஹ்மனின் மகனோ அவளுக்கு வேண்டிய பொருளை எடுத்துத் தருகிறான்; தந்தை இருக்கும் இல்லத்தின் முகவரி அவன் வழியே அவளுக்குக் கிடைக்கிறது; கதை அங்கே விரைந்து சென்றுவிடுகிறது.